பின்பக்கம் பிடிக்கிறவர்

பெரிய கண்ணாடியைத் தூக்க அந்தக் கண்ணாடிக் கடையில் எப்போதும் இரண்டு பேர். முன்னால் அவருடைய மச்சினன், பின்னால் அவர். பத்தொன்பது வருஷமாக ஜோடி மாறவில்லை. பின்னால் இருக்கிறவர் "ஒண்ணு" என்றால் இரண்டு பேரும் இடது காலை வைக்க வேண்டும். முன்னால் இருக்கிறவன் "ரெண்டு" என்றால் வலது கால். கால் பிசகினால் கண்ணாடி ஆடும். ஆடிச் சாய்ந்துவிட்டால் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். அந்தக் கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

போன வருஷக் கடைசியில் அவருடைய நெஞ்சு கண்டபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தொடை வழியாக ஒயர் விட்டு, இதயத்துக்குள் தகராறு செய்த இடத்தைச் சுட்டார்கள். "சரி பண்ணியாச்சு. மூணு மாசம் வரைக்கும் அப்பப்ப ஒரு துடிப்பு தப்பும். அதுக்கெல்லாம் பயப்படாதீங்க, விடாம படபடன்னு அடிச்சா மட்டும் வாங்க" என்றார் டாக்டர். முதலில் நடை மட்டும், பாரம் தூக்குவது அப்புறம்.

சாயங்காலம் மனைவியோடு நடப்பார். விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் நின்று, இரண்டு விரலைக் கழுத்தில் வைப்பார்.

"கழுத்துல என்ன, கொசுவா?"

"எண்ணிக்கிட்டிருக்கேன்டி."

"எத்தனை?"

"நீ பேசுனதுல விட்டுப்போச்சு."

"அது பாட்டுக்கு அது ஓடும். நீங்க காவல் நிக்க வேண்டாம், நடங்க."

அவரும் விட்டுவிடத்தான் பார்த்தார். தூக்கத்தில்கூட விரல் கழுத்துக்குப் போயிற்று.

மச்சினன் வரும்போதெல்லாம் புலம்புவான். "உங்க இடத்துல நிக்கிற புது ஆள் 'ஒண்ணு'ங்கிறதுக்குள்ள நான் வீடு வந்து சேந்துடுவேன் மாமா. சீக்கிரம் வாங்க." அந்தப் பேச்சுதான் அவருக்கு மருந்து மாதிரி இருந்தது. பின்பக்கம் தன் இடம் போய்விடுமோ என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலையே இல்லை.

மூன்றாம் மாதம் டாக்டர் பாரம் தூக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் மேஜையில் கண்ணாடி விளிம்பு தேய்க்க விட்டுப் பார்த்துவிட்டு, முதலாளியும் சரி என்றார்.

முதல் வேலை ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆளுயரக் கண்ணாடி. மூன்றாவது மாடி, லிஃப்டில் நுழையாது. "மூச்சு வாங்குனா சொல்லுங்க மாமா, இறக்கி வச்சுக்கலாம்" என்றான் மச்சினன். "முன்னாடி பாத்துப் போடா" என்றார். ஒண்ணு, ரெண்டு. முதல் மாடி தாண்டியது. கையும் காலும் மறக்கவில்லை. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தப்பியது. ஒன்றே ஒன்று. பயமில்லாத சமாச்சாரம், அது அவருக்கும் தெரியும். ஆனால் வாய்க்கு வந்த "ஒண்ணு" வெளியே வரவில்லை. மேல் விளிம்பைப் பிடித்திருந்த வலது கை, அவரைக் கேட்காமலே கழுத்துக்குப் போனது.

கண்ணாடி அவர் பக்கம் சாய்ந்தது.

"விடுடா" என்றார். மச்சினன் விடவில்லை. எட்டி இழுத்துச் சுவர்ப்பக்கம் சாய்த்தான். அங்கே உடைந்தது. அவர்மேல் ஒரு தூள்கூட விழவில்லை. அவனுக்குக் கட்டைவிரலடியில் எலும்பு தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மனைவி, தம்பியிடம் போகாமல் நேரே அவரிடம் வந்து நெஞ்சில் கை வைத்தாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" அதற்குப் பதில் அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

கட்டுப் போட்ட கையோடு மச்சினன் கேட்டான், "இப்ப எப்படி இருக்கு மாமா?"

"எது?"

"உங்க நெஞ்சுதான்."

"ஒழுங்கா ஓடுது. ஏன்டா விடல? விடணும்னுதானே சட்டம்."

"கீழ நீங்கல்ல நின்னீங்க."

தையல் ஆறியும் கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. ஆனாலும் மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்த அன்று, முன்பக்கம் போய் நின்றுகொண்டு, "மாமா, வாங்க" என்றான். கடையே அவரைப் பார்த்தது. டாக்டர் அவருக்குப் பழையபடி எல்லா வேலைக்கும் சீட்டு கொடுத்திருந்தார். ஆனால் விளிம்பு தேய்க்கும் மேஜையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

"வேற ஆளப் போடுங்க முதலாளி."

"மாமா, அன்னிக்கு ஏதோ ஒரு தடவை..."

"என் கைய நான் நம்பல மாப்ள. நீயும் நம்பாத."

புது ஆள் பின்னால் போய் நின்றான். "ஒண்ணு" என்று அவன் குரல் கேட்டபோது, மேஜைக்கு அடியில் இவருடைய இடது கால் தானாக அசைந்தது. மச்சினனின் "ரெண்டு" கொஞ்சம் தாமதமாக வந்தது.

அன்று சாயங்காலமும் நடந்தார்கள். கம்பம் கம்பமாகத் தாண்டிப் போனார், எங்கேயும் நிற்கவில்லை.

"என்ன, இன்னிக்கு கொசு இல்லையா?" என்றாள் மனைவி, சிரிக்க வைக்கப் பார்த்து.

"இல்ல" என்றார். இரண்டு கையும் பேண்ட் பைக்குள் இருந்தன. வீடு வரும்வரை வெளியே எடுக்கவில்லை.