நேரம் முடிஞ்சப்புறம் வந்த பதில்

தடி தரையில டம்முனு இறங்குச்சு. "ஹோரா எஸ்ட்"னு பல்கலைக்கழகத் தடி பிடிச்ச அதிகாரி அம்மா லத்தீன்ல சொல்லிட்டாங்க. நேரமாச்சு, அவ்ளோதான். நெதர்லாந்துல, இந்த க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டத்துக்கு எதிர்க்கேள்வி வாங்குற எவனும் இந்தச் சத்தத்துக்குத்தான் தவம் கிடப்பான். பதில் பாதியில நின்னாலும் வாயை மூடிக்கலாம், தப்பிச்சோம்.

இன்னைக்குப் பட்டத்துக்கு நின்ன சீட்ஸ்கேவுக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்கல. பதில் அவ நாக்கு நுனியில இருந்துச்சே!

கேட்டது சாதாரண ஆள் இல்ல, ஓஸ்டர்ஹாஃப். ஆதிக் கிறிஸ்தவத் துறையில அவர் நல்ல வார்த்தை சொன்னாதான் வெளியூர்ல வேலையே கிடைக்கும். ஆதிச் சபைகள்ல விதவைங்க ஒரு பொறுப்புல இருந்தாங்கன்னு ஏழு வருஷமா தோண்டித் தோண்டி எழுதியிருந்தா அவ. அவரு கூலா கேட்டாரு: "உங்க ஆதாரம் பூரா அந்த விதவைங்களுக்குப் பயந்த ஆம்பளைங்க எழுதின புலம்பல்தானேம்மா. இல்லாத பேய்க்கும் பயப்படுறவன் இருக்கான். பயம் ஆதாரமாகுமா?"

அப்பதான் தடி இறங்குச்சு. கமிட்டி உள்ள போயி பேசிட்டு வந்து பட்டத்தையும் குடுத்துடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

"தப்பிச்ச போ," கோட்டு போட்டுப் பக்கத்துலயே துணைக்கு நின்ன தம்பி யோரிட் காதுல சொன்னான்.

"வாயை மூடுடா. பதில் தெரியலன்னு நினைச்சிருப்பாரு."

அப்புறம் வாழ்த்து வரிசை. சொந்தக்காரங்க, வாத்தியாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு வாசலைத் தாண்டி நின்னுச்சு. ஓஸ்டர்ஹாஃப் வந்து கை குடுத்தாரு. "வாழ்த்துக்கள், டாக்டர்." நகரப் பார்த்தாரு.

அவ கையை விடல.

"சார், பயந்தவன் திட்டுவான், சாபம் விடுவான். வயசு வரம்பு வைப்பானா?"

அவரு நின்னுட்டாரு.

"பைபிள்ல இருக்குற அந்தப் பழைய நிருபத்துல, சபைக்கு எழுதின கடிதத்துல, என்ன இருக்கு? அறுபது வயசுக்குக் கீழ இருந்தா விதவைங்க பட்டியல்ல பேரைச் சேர்க்காத. ஒரே கல்யாணம் பண்ணியிருக்கணும். நல்ல பேரு இருக்கணும், வந்த பக்தருங்க காலைக் கழுவியிருக்கணும். இல்லாத பேய்க்கு யாராவது தகுதி எழுதுவாங்களா சார்? ஒரு இடம் இருந்திருக்கு. அதுக்கு ஆளுங்க முட்டி மோதியிருக்காங்க. அதான் வரம்பு வந்திருக்கு."

"சும்மா சோறு போடுறதுக்கான பேர்ப்பட்டியலா இருந்தா?"

"பசிக்கு நடத்தை சர்டிபிகேட் எதுக்கு? ஏழைக்குச் சோறு போட அவ முன்னாடி யார் காலைக் கழுவினான்னு கேப்பாங்களா? வேலைக்கு எடுக்கும்போதுதான் கேப்பாங்க."

பின்னாடி ஒரு பெரியப்பா இருமினாரு. "பாப்பா, அந்தாளு கையை விடும்மா. பொரிச்ச உருண்டையெல்லாம் ஆறுது."

"ஆறட்டும்," ஓஸ்டர்ஹாஃப் திரும்பியே பார்க்காம சொன்னாரு. ரெண்டு பேரும் இன்னும் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் நின்னாங்க. யோரிட்டுக்குச் சிரிப்பு தாங்கல.

"என் கிளாஸ்ல முப்பது வருஷமா அதைச் சோத்துப் பட்டியல்னுதான் சொல்லிக் குடுக்கறேன்," கிழவர் மெதுவா சொன்னாரு. "அடுத்த வருஷம் நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க."

கையை விட்டுட்டு நேரா வாசலுக்குப் போனாரு. சாராயம் தேடிப் போறாருன்னு யோரிட் நினைச்சான். இல்ல. வெளியில மழைத்தூறல்ல, வரிசையோட கடைசியில போயி நின்னுக்கிட்டாரு.

"அக்கா, ரெண்டாவது கேள்வி வருது," யோரிட் சொன்னான்.

சீட்ஸ்கே முதுகை நிமிர்த்திக்கிட்டு அடுத்த ஆளுக்குக் கையை நீட்டினா. "வரட்டும்டா."