அபாலஜி லெட்டர்

எனக்குக் கிரேக்கம் தெரியாது. கோயம்புத்தூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன வேதாகம அகராதி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில், ராயபுரத்தில் ஞாயிறு மாலை வேதபாட வகுப்பில் நான் வாராவாரம் ஆடினேன்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிறு, அபாலஜி என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டேன். வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள். லேட்டாக வந்தால் அபாலஜி லெட்டர், தையல் கோணினால் அபாலஜி லெட்டர் என்று எல்லோருக்கும் பழகிய சொல். இதன் வேர் கிரேக்கத்தில் அபொலொகியா. அதில் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை, குற்றம் சாட்டுகிறவர்கள் முன்னால் நின்று தன் பக்கத்தைச் சொல்வதுதான் அது என்றேன். பவுல் விலங்கோடு ராஜா முன்னால் சொன்னது அதுதான். கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியதிலும் அதே சொல்தான். நம் வேதத்தில் அதை 'உத்தரவு', அதாவது மறுமொழி, என்று போட்டிருக்கிறார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வெள்ளகோவில்காரி, புருஷனை இழந்தவள், நான் கிளார்க்காக இருந்த கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தாள்.

"அப்பத் தலையக் குனிய வேண்டியதில்லீங்களா, சார்?"

"வேண்டியதில்லீங்க. நிமிந்து சொல்லோணும்."

அந்த வியாழக்கிழமை, சாயங்காலம் கேட்டில் பைகளைச் சோதித்தபோது அவள் சாப்பாட்டுப் பைக்குள் பன்னிரண்டு பீஸ் பனியன் இருந்தது. மேனேஜர் லிங்கசாமி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் அங்கே டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் நின்று, எதையும் விடாமல் சொன்னாள். மத்தியானம் பைகள் தொங்கும் இடத்தில் சூப்பர்வைசர் கையில் பீஸோடு நின்றதைப் பார்த்தது, ஏனுங்க என்று கேட்டது, அவன் முறைத்தது எல்லாம். சூப்பர்வைசர் மேனேஜருடைய மச்சான். அவள் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, ஒரு அபாலஜி லெட்டர் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் டைப் அடித்தேன். பன்னிரண்டு பீஸ் எடுத்தேன், தவறை ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும். மொத்தம் நான்கு வரி, அவளுக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில்.

குழந்தையம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

"இது நீங்க ஞாயித்துக்கெழம சொன்னதுதானுங்களே, சார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல், வாடகை வீடு, போன மாதம்தான் நிரந்தரமான வேலை. கிரேக்கத்தில் பார்த்தால் பொய்யில்லை என்று ஒரு கேடுகெட்ட எண்ணமும் வந்தது. ஆமாங்க என்றேன். அவள் நிமிர்ந்து நின்று, எழுத்தெழுத்தாகத் தன் பேரைப் போட்டாள்.

மறுநாள் காலை கேட்டில் அவளை உள்ளே விடவில்லை. கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டாளே என்று தையல் லைன் முழுக்கப் பேச்சு. பனியன் கம்பெனிகளில் சேதி ஓடுவதற்குச் சொல்ல வேண்டுமா? அவள் போய்க் கேட்ட மூன்று இடத்திலும் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த ஞாயிறு தலைவலி என்று சொல்லி நான் வகுப்புக்குப் போகவில்லை. பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று எழுதிய அதே பேதுரு, ஒரு வேலைக்காரி கேட்டபோது தன் ஆண்டவரையே அறியேன் என்றவர். இதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வெள்ளகோவில் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஒளிந்துகொள்ளத்தான் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"ஊட்டுக்கே போறனுங்க, சார். திருடின்னு சொல்றவங்க சொல்லீட்டுப் போகட்டும். நாஞ் சொன்னதெல்லாம் அந்தக் காயிதத்துல இருக்குதுங்களே. என்னைக்காச்சும் ஒருத்தர் படிச்சுப் பாக்க மாட்டாங்களா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மேனேஜர் இல்லை, கம்பெனி ஆள் யாருமே இல்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"படிப்பாங்க" என்றேன்.