சுகப்பிரியா டீச்சரின் லேப்டாப்

ஐஸ் பெட்டிக்குக் கரண்டு கொடுப்பதற்காக முனீஸ்வரன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினான். கூடத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். எட்டு மாதமாக அதில் சுகப்பிரியாவின் சார்ஜர்தான் குடியிருந்தது. பெட்டிக்காரன் ஒயரைச் சொருகியதும் பெட்டி ஒருமுறை குலுங்கிவிட்டு உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் குங்குமமும் பூவுமாகப் படுத்திருந்தாள் சுகப்பிரியா. முந்தின நாள் சாயங்காலம் திருச்சுழி பஸ்ஸிலிருந்து அருப்புக்கோட்டையில் இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. பிள்ளை கிடையாது. தலைமாட்டில் நிற்க வேண்டியவன் புருஷன் ஒருவன்தான். அந்த மகராசன் என்ன செய்தான் என்றால், சார்ஜரைக் கையில் சுருட்டிக்கொண்டு, அலமாரி மேலிருந்த அவளுடைய லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. பிளக்ஸ் போர்டு அடிக்கிற சங்கர் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, டீச்சர் போட்டோ நல்லதா ஒண்ணு குடுங்க. பதினோரு மணிக்குள்ள வந்தாத்தான் தெரு முக்குல கட்ட முடியும். மூணு மணிக்கு எடுக்குறாகளாம்ல?"

முனீஸ்வரனின் செல்போனில் இருந்ததெல்லாம் மதர்போர்டு படங்கள்தான். பெண்டாட்டி முகம் ஒன்றுகூட இல்லை. பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்தது லேப்டாப்பில் இருக்கும் என்று ஞாபகம். அவள் காட்டியிருக்கிறாள், இவன்தான் சரியாகப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் முனீஸ்வரன். பாலவனத்தத்திலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் ஆட்கள் பை பையாகக் கொண்டுவருவார்கள். புது லேப்டாப் என்றால் கேட்கவே வேண்டாம். வாங்கும்போதே உள்ளே வேண்டாத சாமான் முக்கால்வாசி இருக்கும்: ஒரு மாதத்துக்கு மட்டும் வேலை செய்துவிட்டுப் பிறகு பயமுறுத்துகிற ஆன்டிவைரஸ், யாரும் ஆடாத நாலு கேம், கம்பெனிக்காரன் தன் பெருமை பேசுவதற்கு ஒன்று, அதைப் புதுப்பிப்பதற்கு இன்னொன்று. எல்லாம் ஆன் செய்ததும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எழுந்திருக்கும். இதற்கென்று முனீஸ்வரன் சொந்தமாக ஒரு சின்ன பைல் எழுதி, சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவில் வைத்திருந்தான். ஒரு தட்டு. நாலு நிமிஷத்தில் அத்தனையும் வேரோடு போய்விடும். வாடிக்கைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். தட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வான், "உள்ள எதாச்சும் வேணுங்குறது இருக்காண்ணே?" என்று. கேட்காமல் அவன் யாருடையதிலும் கை வைத்ததில்லை.

ஊர் லேப்டாப்பெல்லாம் ஓடியது. வீட்டு லேப்டாப் மட்டும் வாங்கிய நாளிலிருந்து இழுத்துக்கொண்டே கிடந்தது.

"ஏங்க, என்னோடதையும் கொஞ்சம் பாருங்களேன். ஆன் பண்ணிட்டு ஒல வச்சா அரிசி வெந்துருது, இது இன்னும் தெறக்கல."

"ஞாயித்துக்கெழம பாப்போம்."

"எந்த ஞாயித்துக்கெழமன்னு சொன்னா காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுக்குவேன்."

"பத்து நிமிசம் வேல சுகா. தீவாளி கழியட்டும்."

தீபாவளி கழிந்தது. பொங்கலும் கழிந்தது. அவள் கோபப்படுகிற ஜாதி இல்லை. "இதுவும் ஒங்கள மாதிரிதான், கூப்புட்டா வர நேரமாகுது" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இவனும் சிரிப்பான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆன் செய்தான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே ஒருத்தி, "பள்ளிக்கூடம் போன மவராசி" என்று ஒப்பாரியை எடுத்தாள். அந்த ஒப்பாரி முடிந்து அடுத்தது தொடங்கியபோதும் வட்டம் நிற்கவில்லை. பிறகு சிவப்பாக ஒரு பெட்டி குதித்து, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்றது. அதை மூடினால் ஒரு கேம் வா என்று கூப்பிட்டது. அதையும் மூடினால் கம்பெனிக்காரன் பெயரைப் பதிவு செய்யச் சொன்னான். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஓரத்தில் ஒரு மஞ்சள் சதுரம் எழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் மஞ்சள். அதன் நடுவிலும் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இது வேறயா" என்று அதையும் பிடித்து மூடினான்.

பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. எட்டு மாதமாகத் தினம் பதினொரு நிமிஷம் இந்தச் சனியன் முன்னால் அவள் காத்திருந்திருக்கிறாள். இரண்டு அடி தள்ளிப் படுத்திருந்தவனுக்குத் தெரியாது. முனீஸ்வரனுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

போட்டோ கிடைத்தது. மைக் முன்னால் நின்று எதற்கோ சிரிக்கிறாள். சங்கருக்கு அனுப்பினான். அதோடு உள்ளே உட்கார்ந்திருப்பதற்கான சாக்கு தீர்ந்துபோனது. எழுந்து கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூணு மணிக்கு அவளை எடுத்துவிடுவார்கள். அதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும். சொன்ன வேலையை, அவள் இந்த வீட்டுக்குள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இதில் ஒரு நியாயமும் இல்லை, பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் கை சாவிக்கொத்தைத் தேடியது.

கதவு தள்ளித் திறந்தது. தனுஷ்கோடி. சுகப்பிரியாவின் அண்ணன். அழுது அழுது கண் கோவைப்பழமாகியிருந்தது.

"மாப்ள, என்ன காரியம் பண்றீக? அங்க என் தங்கச்சி கெடக்கா. பொறந்த வீட்டுக் கோடிச் சேலையோட ஆளுக வந்து நிக்காக. நீங்க இங்கன கம்ப்யூட்டர தட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீக?"

"இந்தா வாரேன் மச்சான். பத்து நிமிசம்."

"இன்னைக்குமா?" என்றார் தனுஷ்கோடி. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.

முனீஸ்வரன் பென்டிரைவைச் சொருகினான். பழக்கதோஷத்தில், "உள்ள எதாச்சும் வேணுங்குறது" என்று வாய் பாதிவரை வந்துவிட்டது. கேட்க வேண்டியவள் கூடத்தில் இருந்தாள். கேள்விப்பத்திரம், மார்க் லிஸ்ட், போட்டோ எல்லாம் தனியாகப் பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டான். வேறு என்ன வைத்திருக்கப் போகிறாள்? ஒரு தட்டு. கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடின. ஆன்டிவைரஸ் போனது, கேம்கள் போயின, கம்பெனிக்காரனும் அவன் சொந்தக்காரர்களும் போனார்கள். பட்டியலில் பாதி அவன் படிக்கக்கூட இல்லை. அது அவனே நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதிய பட்டியல். மனப்பாடம்.

அணைத்து மறுபடி போட்டான். ஒன்பது விநாடி.

அடேயப்பா என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. "சுகா, இங்க வந்து பாரு" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டான்.

கூடத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது. பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆளு கலங்கிப் போயிருச்சு" என்றாள் ஒருத்தி. தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டார்.

எழுந்து வந்தவள் தங்கத்தாய். திருச்சுழியில் சுகப்பிரியாவோடு ஒரே பள்ளியில் கணக்கு டீச்சர். பதினொரு வருஷமாக இருவருக்கும் ஒரே பஸ். பயந்தவள்போல மெதுவாக அவன் கையிலிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது.

"சரி பண்ணிட்டீகளா அண்ணே? அப்ப அம்புட்டையும் படிச்சீகளா?"

"எத?"

"அந்த மஞ்ச பேப்பர."

முனீஸ்வரனுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் விளங்கியது. விளங்க வேண்டாம் என்று தோன்றியது.

"நீங்க கடையடச்சு வர பத்து பத்தரை ஆயிருமாம்ல. டீச்சர் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். பேச ஏது நேரம்? ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுறத எல்லாம் அதுலதான் எழுதி எழுதி வைப்பாக. ஆன் பண்ணதும் தானா தெறக்குற மாதிரி நாந்தான் வச்சுக் குடுத்தேன். 'என்னைக்காச்சும் இத சரிபண்ண ஒக்காருவாகல்ல தங்கம், அன்னைக்கி மாட்டுனாக, அம்புட்டையும் படிச்சுத்தான ஆகணும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக." சொல்லிக்கொண்டே திரையில் தேடினாள். "எங்கண்ணே, காணோம்?"

அவன் எழுதிய பட்டியலில் அந்த மஞ்சள் பேப்பரின் பெயரும் உண்டு. அழித்ததைத் திருப்பி எடுத்துக் கொடுங்கள் என்று கடைக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டவர்கள் எத்தனையோ பேர். புது மாதிரி டிஸ்க்கில் போனது போனதுதான் என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லி அனுப்பியிருக்கிறான். வேறெங்கும் நகல் போய் இருக்கவும் வழியில்லை. வாங்கிய அன்றைக்கு, இந்த மெயில் கணக்கோடெல்லாம் சேர்க்க வேண்டாம் என்று அதைத் துண்டித்தவன் அவனேதான். அந்த லேப்டாப்புக்கு அவன் செய்திருந்த ஒரே வேலை அது.

இரண்டு நிமிஷம் அந்த மஞ்சள் வட்டத்தைச் சுற்றவிட்டிருந்தால் போதும். எழுத்து வந்திருக்கும்.

"எத்தன இருந்துச்சு?"

"முப்பது நாப்பது இருக்கும்ணே."

"என்ன எழுதியிருந்தா?"

"அய்ய, நான் படிப்பனாண்ணே? புருசன் பொஞ்சாதி சமாச்சாரம்." தங்கத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. போன வாரம் பஸ்ஸுல வச்சு எழுதினாக. 'ஒருநா என்கூட திருச்சுழி பஸ்ஸுல வாங்க. வண்டியில பின்னாடி ஒக்காந்து ஒங்க முதுகப் பாத்தே இத்தன வருசம் போச்சு. சன்னலோரம் ஒங்களுக்கு'ன்னு."

வாசலில் கொட்டுச் சத்தம் எழுந்தது. நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போகக் குடத்தோடு ஆட்கள் தயாராகிவிட்டார்கள். யாரோ அவன் தோளில் புதுத் துண்டைப் போட்டார்கள். யாரோ கையைப் பிடித்து நடத்தினார்கள். குளிக்கச் சொன்ன இடத்தில் குளித்தான். வாய்க்கரிசி போடச் சொன்னபோது போட்டான். மூணு மணிக்குத் தூக்கினார்கள். தெரு முக்கில் சங்கர் கட்டியிருந்த போர்டில் அவள் மைக் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் வந்ததும் முனீஸ்வரன் நடுத்தெருவில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதான். இப்போதுதான் ஆளுக்குப் புத்தி வந்தது என்று பெரியவர்கள் ஆறுதலடைந்தார்கள்.

ஆறாம் நாள் தங்கத்தாய் போன் செய்தாள். பத்தாம் வகுப்புக் கேள்விப்பத்திரம் டீச்சர் லேப்டாப்பில் இருக்கிறது, மெயிலில் அனுப்பிவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நானே கொண்டாரேன்" என்றான்.

"பதினாறு கழியாம துட்டி வீட்டுக்காரர் எங்கிட்டும் கெளம்பக் கூடாது மாப்ள" என்று தனுஷ்கோடி தடுத்தார். அனுப்ப ஒரு நிமிஷம்கூட ஆகாது என்பது அவருக்கே தெரியும். முனீஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டான். பைக் சாவியை எடுக்கவில்லை.

காலை ஏழேமுக்கால் பஸ். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் சன்னலோரமாக உட்கார்ந்து, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டான். கூட்டம் ஏறியது. ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்கியது. வெயில் அந்நேரத்துக்கே ஏறியிருந்தது. சீமைக்கருவேலங்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு துண்டு மிளகாய்ச் செடி பச்சையாக வந்து போனது. நடுவழியில் விதைப்பையோடு ஏறிய பெரியவர் ஒருவர் தடுமாறிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏப்பா, இங்கன ஆளு வருதா?"

முனீஸ்வரன் சன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"வருதுய்யா" என்றான்.

பெரியவர் தலையாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்திலும், அதற்கடுத்த நிறுத்தத்திலும் குனிந்து அந்தக் காலிச் சீட்டைப் பார்த்தார். திருச்சுழி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.