அவிட்டத்தில் போனவர்

நாலு பேர் சேர்ந்து தூக்கியும் வலது கை கதவு நிலையில் இடித்தது. சுப்பராயலுவின் அந்தக் கை எதையோ எட்டிப் பிடிக்கப் போன மாதிரி நீட்டிக்கொண்டே நின்றுவிட்டிருந்தது. தலைப்பக்கம் தாங்கியிருந்த மகன் சக்கரபாணி அதை மடக்கிப் பார்த்தான். ம்ஹூம், மடங்கவில்லை.

"இன்னா மாப்ள, விடியக்காலம் போன உசுருன்னு சொல்ற. கட்டையா வெறச்சிக்கினு கீதே?" என்றார் கால்பக்கம் பிடித்திருந்த தாண்டவராயன். அத்தை வீட்டுக்காரர். வெளியூர்ச் சொந்தங்களில், திண்டிவனத்திலிருந்து அத்தையும் அவரும்தான் முதலில் வந்து இறங்கியிருந்தார்கள்.

சக்கரபாணி குனிந்து தலைப்பக்கப் பிடியை மாற்றிக்கொண்டான்.

"தை மாசக் குளுருய்யா. வெறக்காம இன்னா பண்ணும்?" என்று பின்னாலிருந்து கோவிந்தம்மாள் அத்தை அதட்டினாள். "பேசிக்கினே நிக்காதீங்க. சாச்சித் தூக்குங்க, ஜல்தியா."

சாய்த்துத் தூக்கி, வாசலில் பந்தலடியில் போட்டிருந்த பெஞ்சில் கிடத்தினார்கள்.

விடியற்காலம் என்று சொன்னது சக்கரபாணிதான். காலையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அவன் கத்தின கத்தலுக்கு எதிர்வீட்டு அம்சா ஓடிவந்து, "எப்போண்ணா? பக்கத்துல இருந்தியா?" என்று கேட்டாள். "இப்பதான். பால் ஊத்துனேன்" என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அம்சா அதைத் தெரு முழுக்கச் சொல்லி, வருகிறவர்களெல்லாம் அவன் தோளைத் தட்டிக் கொடுத்த பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது?

சக்கரபாணி விழுப்புரத்தில் வீட்டை ஒட்டினாற்போல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடுகிற விளக்கு கட்டிக் கொடுப்பான். வளவனூரில் பயிர் செய்துகொண்டிருந்த அப்பாவுக்குப் போன வருஷம் ஒரு பக்கம் விழுந்துவிட, இங்கே கூட்டிவந்து இருக்கிற ஒரே அறையைக் கொடுத்தான். அம்மா போய் வெகுகாலம். அறையின் சுவிட்ச் கதவோரம் இருந்தது, கட்டிலிலிருந்து எட்டாது. பொழுது சாய்ந்ததும் கிழவர், "சக்கரபாணீ... வெளக்கு!" என்று குரல் கொடுப்பார். ஒருநாள் தவறாது. ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருப்பான், கடைக்கு ஆள் வந்திருக்கும், அப்போதுதான் கூப்பிடுவார். எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்தக் கூப்பாட்டை நிறுத்தத்தான் அதைச் செய்தான். மெட்ராஸிலிருந்து மிளகு அளவில் சிவப்பு எல்.இ.டி.க்கள் வாங்கிவந்து, கட்டில் காலிலிருந்து கக்கூஸ் கதவு வரை சுவரோரமாக வரிசை கட்டினான். ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் சர்க்யூட். கரண்ட் போனாலும் எரியும்படி பேட்டரி. வெளிச்சத்தைப் பார்க்கிற சின்னக் கண் ஒன்று. வெளிச்சம் குறைந்தால் டின் தானாக விளக்கைப் போட்டுவிடும்.

முதலில் அந்தக் கண்ணைக் கட்டில் பக்கமே வைத்துத் தொலைத்தான். விளக்கு எரிந்ததும் அந்த வெளிச்சத்தையே பகல் என்று எண்ணிக்கொண்டு கண் அணைத்துவிடும். அணைந்தால் இருட்டு, மறுபடி எரியும். "இன்னாடா இது, என்னப் பாத்து கண்ணடிக்குது!" என்று அப்பா கோணவாயோடு சிரித்தார். அதைச் சரிசெய்ய நாலைந்து சாயங்காலம் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் கண்ணை ஜன்னலுக்கு வெளியே கட்டினான். சரியாகிவிட்டது. அதற்கப்புறம் கிழவர் கூப்பிடவில்லை. சாயங்காலத்தில் இவன் அந்த அறைக்குள் போகவும் இல்லை.

நேற்று மனைவி கிருஷ்ணவேணி வானூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் இவன்தான் கஞ்சி கொண்டுபோய் வைத்தான். பொழுது சாய்கிற நேரத்தில் கடையிலிருந்து வயர் எடுக்க வந்தவன், கூட வந்த மாரியப்பனை ஜன்னலண்டை கூட்டிப்போய்க் காட்டினான். மாரியப்பன் வளவனூர்க் கோயில் திருவிழாவுக்கு விளக்கு சொல்ல வந்தவன்.

"பாரு, ஆளே வாணாம். தானா எரியுது."

"கில்லாடிப்பா நீ!"

இரண்டு பேரும் தரையில் சிவப்பாக ஓடின வரிசையைப் பார்த்தார்கள். கட்டில் இருட்டில் இருந்தது. கட்டிலை யாரும் பார்க்கவில்லை. ராத்திரி திரும்பி வந்தபோதும் கதவிடுக்கில் சிவப்பு தெரிந்தது. தூங்குகிறார் என்று இவனும் படுத்துவிட்டான். காலையில் பார்த்தால் கஞ்சி வைத்தது வைத்தபடி ஏடு கட்டிக் கிடக்கிறது.

அந்த மாரியப்பன் இப்போது மாலையோடு வந்து நின்று, "நேத்து பொழுதோட நான் கூட பாத்தேம்மா. நிம்மதியா தூங்கிக்கினு இருந்தாரு" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அத்தை தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் காதோரத்தையும் கண்ணோரத்தையும் துடைத்துக்கொண்டே ஒப்பாரி வைத்தாள். "தவிச்ச வாய்க்குப் பாலூத்த புள்ள இருந்தானே என் தம்பிக்கு... வெளக்கு செஞ்சி போட்டானே, வெளிச்சம் பண்ணி வெச்சானே..." பெண்கள் திரும்பித் திரும்பி அவனைப் பார்த்தார்கள். யாராவது காறித் துப்பினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பதினோரு மணி வாக்கில் பஞ்சாங்கம் பார்க்கிற விருத்தாசலம் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "உசுரு எப்போ பிரிஞ்சுது?" என்றார்.

"விடியக்காலங்க" என்று தாண்டவராயனே சொல்லிவிட்டார்.

விருத்தாசலம் பக்கத்தைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "நேத்து வெளக்கு வைக்கிற வரைக்கும் திருவோணம். அதுல போயிருந்தா ஒண்ணும் இல்ல. அப்பறம் அவிட்டம் பொறந்துடுச்சு. அடைப்பு. உசுரு போன எடத்த ஆறு மாசம் பூட்டி வெக்கணும். பொழங்கக் கூடாது. தெனம் பொழுது சாய அந்த வூட்டு ஆளு ஒருத்தரு தொறந்து, வெளக்கேத்தி, ஒரு சொம்பு தண்ணி வெச்சிட்டு வரணும்."

"அடப் பாவமே, இருக்கறதே ஒத்த ரூமு" என்றது யாரோ.

"வெளக்குக்கு இன்னா கஷ்டம்? அதான் தானா எரியுதே ஒண்ணு!" என்றார் தாண்டவராயன். ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

கிருஷ்ணவேணி கதவுக்குப் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். முதல் பஸ்ஸில் வந்தவள் அவள். கஞ்சியைப் பார்த்தவள். அவளிடம் மட்டும்தான் அழுது கொட்டியிருந்தான்.

"சொல்லிடுங்க. நேத்தியே போயிட்டாரு, பாக்கலன்னு சொல்லிடுங்க. அடைப்பே கெடையாது. ஆறு மாசம் நம்ம எங்க பொழங்கறது?"

"எப்படிம்மே சொல்றது? அத்த அங்க பாலூத்துனான், பாலூத்துனான்னு அழுவுது."

"ஒரு நா திட்டுவாங்க. அவ்ளோதான?"

சொல்லிவிடலாம் என்றுதான் வெளியே வந்தான். விருத்தாசலத்தின் எதிரில் போய் நின்றான். "ஐயா..." என்றான். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அத்தையும் அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுப்பா" என்றார் விருத்தாசலம்.

"தண்ணி... செம்பு சொம்புலதான் வெக்கணுங்களா?"

"எதுல வேணா வெய்யி."

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஈரத்துண்டோடு திரும்பி, பின்பக்கம் தொட்டியண்டை கால் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு பித்தளைச் செம்போடு அத்தை வந்து நின்றாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"எறும்புடா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"காதுக்குள்ள, கண்ணோரத்துல. காலைல வந்ததும் நான்தான மூஞ்சியத் தொட்டேன். யாரு கண்ணுலயும் படறதுக்குள்ள தொடச்சி எடுத்தேன். விடியக்காலம் போனவனுக்கு அவ்ளோ எறும்பு வராது."

சக்கரபாணிக்கு வெட்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்துகொண்டு இறங்கியது. இத்தனையும் தெரிந்துகொண்டா இவள் காலையிலிருந்து ஊர் கேட்க அவனைப் புகழ்ந்தாள்!

"அத்த, நான் வேணும்னு..."

"ஒண்ணும் சொல்லாத. என் பொறந்த வூட்டு மானம், நாலு பேருக்கு நடுவுல போவக் கூடாது. அதுக்காவ மூடினு இருந்தேன். பஞ்சாங்கம் பாக்கறப்போ உன் மூஞ்சியவே பாத்தேன். சொல்லிடுவான், நம்ம புள்ளதானன்னு நெனச்சேன். நீ சொம்பக் கேட்ட."



"அவிட்டம்னே இருக்கட்டும்" என்றாள் அத்தை. பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு அவன் கையில் கொடுத்தாள். மடியிலிருந்து அகலையும் தீப்பெட்டியையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். "ஆறு மாசம் நீதான் போவணும். அவள அனுப்பாத."

அறையில் சிவப்பு விளக்குகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. கட்டிலை வெளியே எடுத்துவிட்டிருந்ததால் அறை பெரிதாகத் தெரிந்தது. சக்கரபாணி குனிந்து செம்பை வைத்தான். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதில் திரி பிடித்தது.

எழுந்திருக்கப் போனவனை வாசலில் நின்ற அத்தையின் குரல் தடுத்தது.

"உக்காரு. வெச்சதும் எழுந்து வராத."

உட்கார்ந்தான். அத்தை கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனாள். வெளியே தாண்டவராயன் செருப்பைத் தேடிக்கொண்டே, "மாப்ள எங்கம்மா? ஒரு தபா பாத்துட்டுக் கெளம்பலாம்னா ஆளக் காணோம். பஸ்ஸு போயிடப் போவுது" என்பது கேட்டது.

"உள்ள கீறாரு மாமா" என்றாள் கிருஷ்ணவேணி. "அவரு வர்றதுக்கு நேரமாவும். நீங்க கெளம்புங்க."