கதவுக்குப் பின்னால் ஒரு மூச்சு

அக்காவின் ஒரு மூச்சுக்கு விலை இரண்டாயிரம். அரங்கக்காரர்கள் நிகழ்ச்சிக்குப் பேசிய தொகையை அதில் வரும் சத்தங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் அப்படித்தான் வரும். தம்பி பேரமே பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தான்.

மற்றவர்கள் இசைக்கு வாத்தியம் தேடுவார்கள். அவன் சத்தம் தேடுவான். குழாய்ச் சொட்டு, லிஃப்டின் முனகல், பஸ் பிரேக்கின் கிறீச்சல் எல்லாவற்றையும் பதிந்து, இழுத்து, அடுக்கி, எட்டு ஸ்பீக்கர்களில் சுழலவிடுவான். ‘ஓட்டை உடைசல் வியாபாரி’ என்று அக்காவின் கணவர் பட்டம் கட்டியிருந்தார். போன மாதம் மழையைப் பிடிக்க அக்கா வீட்டு ஜன்னலில் ரெக்கார்டரை வைத்துவிட்டு வந்தான். மழையோடு மாமா கதவை அறைந்து சாத்தியதும், அதுவரை அடக்கியிருந்த மூச்சை அக்கா விட்டதும் சேர்ந்தே விழுந்திருந்தன. கதவுச் சத்தத்தை நூறு மடங்கு நீளமாக இழுத்தான். இடியுமில்லாத, கடலுமில்லாத ஓர் உறுமல் கிடைத்தது. கதவைச் செய்த தச்சனுக்கே அடையாளம் தெரியாது என்று பூரித்துப்போனான்.

நிகழ்ச்சியன்று ஒத்திகைக்கு அக்கா மட்டும் முன்னதாக வந்தாள். உறுமல் தொடங்கியதும் கைப்பையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அது ஓய்ந்து மூச்சு வந்ததும் எழுந்தே விட்டாள்.

“நிறுத்துடா. இது எங்க ரூம் கதவு.”

“நூறு மடங்கு இழுத்திருக்கேன்க்கா. யாருக்கும் தெரியாது.”

“யாருக்கும்னா? தினம் அதுக்குப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கறவளுக்குமா?”

மாமா வரும் நேரம். அந்த உறுமலை உருவினால் மொத்தமும் முதுகெலும்பில்லாமல் சரிந்துவிடும்.

“அழிச்சுடறேன்க்கா.”

“வேணாம். கதவு அவரோடது, ஊரே கேக்கட்டும். மூச்சு என்னோடது. அதை மட்டும் குடுத்துடு.” போகிறவள் திரும்பினாள். “இதை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பே?”

“நிறைய.”

“ஒரு தடவையாவது எனக்கு போன் பண்ணத் தோணலையாடா?”

அவன் மிக்சர் மேசைக்குத் திரும்பி, அந்த மூச்சை மட்டும் வெட்டி எடுத்தான்.

“என்ன மாப்ளே, இன்னிக்கு எந்தக் குப்பைத்தொட்டி?” என்று சிரித்தபடி மாமா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா. அரங்கு நிறைந்ததும் விளக்கு அணைந்தது. உறுமல் எழுந்து, எட்டு மூலைகளையும் சுற்றிவந்து, பட்டென்று நின்றது. மூச்சு இருந்த இடம் காலி. சபையே மூச்சைப் பிடித்திருந்த அந்த வெறுமையில் அக்கா ஒருத்தி மட்டும், சத்தமாக, அவசரமே இல்லாமல் மூச்சு விட்டாள்.

ஆடிக்கொண்டிருந்த மாமாவின் கால் நின்றது. தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அவள் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிக்சரில் விரல் உறைந்திருக்க, தம்பி மனதுக்குள் கணக்கு முடித்தான். மூச்சு உடையவளிடம் திரும்பிவிட்டது. கதவு உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. பண்ணாத அந்த ஒரு போன் மட்டும் அப்படியே பாக்கி நிற்கிறது.