மூத்தகுடிக்கு ஒரு சட்டை

"மெள்ள அண்ணை, மெள்ள. அப்புவின்ரை கையை முறிச்சுப்போடாதேங்கோ," என்றாள் தங்கை லூர்த்தம்மா.

செத்துக் கிடந்த தகப்பன் செபமாலையின் விறைத்த கையைக் கோயில் சட்டைக்குள் நுழைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான் மரியரட்ணம், கரையோர மூத்தகுடிகள் உரிமைக் கழகத்தின் செயலாளர்.

"நெஞ்சிலை சளி கட்டினதாம். கடலுக்குப் போகத்தான் தடை போட்டுக் கிடக்கே, வீட்டுக்குள்ளை இருந்த மனுசனுக்கு எங்கத்தைக் குளிர்?" என்று கேட்டாள் அவள்.

"வயசு போனால் அப்பிடித்தான்," என்றான், பொத்தானைப் பார்த்தபடி.

போன கிழமை வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்று வந்தது. பரம்பரைக் கடலோடிகளுக்கு மட்டும் மீன்பிடித் தடை தளரக்கூடும் என்று ஒரு கதை. பரம்பரையைக் கண்ணால் காட்டவேண்டாமா? கழகம் கூடி ஆராய்ந்து, பரம்பரை என்பது சட்டை போடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. செபமாலையர் வெறும் மேலோடு கரையில் குந்தவைக்கப்பட்டார். மார்கழி வாடை. குழுவோ எங்கோ விருந்துண்டு, ஆறுதலாக வந்துகொண்டிருந்தது.

"தம்பி, குளிருது. தோணியில்லாமல் நான் ஏன் வெறும் மேலோடை இருப்பான்? சட்டையைத் தா."

"கொஞ்சம் பொறுங்கோ அப்பு. இப்ப வந்திடுவினம்."

கூட்டத்துக்குக் கூட்டிப்போனதாக மட்டுமே வீட்டில் சொன்னான். பிறகு, அப்பு இருமியபோதெல்லாம் தடையை நீக்கக் கோரும் கழகத்தின் மகஜரை இன்னும் பலமாகத் தட்டச்சு செய்தான்.

சவப்பெட்டி முற்றத்துக்கு வந்ததும் கழகத் தலைவர் அருளம்பலம் எழுந்தார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சைவர். கடலோடிகளுக்காக உயிரையும் கொடுப்பார். கருவாட்டு மணத்துக்கு மட்டும் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"செபமாலையார் மனிதரல்லர், மலை! வீசும் வாடையில் மேலாடையின்றி, பொழுதுபடும் வரை இருந்தார். குளிருது என்று வாய்விட்டுக் கேட்டார். எங்கள் செயலாளர் இளகினாரா? இல்லை! பெற்ற தகப்பனிலும் இனமே பெரிதென்று நின்றார்!"

யாரோ கை தட்டினார்கள். செத்தவீடு என்பது நினைவுக்கு வர நிறுத்திக்கொண்டார்கள்.

லூர்த்தம்மாவின் அழுகையும் நின்றிருந்தது. தமையனைப் பார்த்தாள்.

கோயில் மணி அடித்தது. மரியரட்ணம் பெட்டியின் தலைமாட்டில் குனிந்தான்.

"நீங்கள் விடுங்கோ அண்ணை," என்றாள் மெதுவாக. "அவர் தூக்கட்டும்."

அவள் புருசன் யாகப்பு தோள் கொடுத்தான்.

கழகப் பதாகையின் ஒரு தடியை யாரோ மரியரட்ணத்தின் கையில் திணித்தார்கள். காற்றில் துணி உப்பியது. இரண்டு கைகளாலும் அதை இழுத்துப் பிடித்தபடி அவன் பெட்டிக்குப் பின்னால் நடந்தான்.