இடது பக்கக் கண்ணாடி

...இவ்வளவு பத்திரமாகவா சுற்றுவாள் ஒருத்தி, பிளாஸ்டிக் உறைக்கு மேல் பூப்போட்ட துண்டு வேறு, துண்டு அவளுடையதாகத்தான் இருக்கும், அடுத்தவர் வீட்டுப் பழைய காருக்காகத் தன் பெட்டியில் இத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறாள் என்றால்... மகேஸ்வரி பன்னிமண்டபத்து ஒர்க்‌ஷாப்பில் நாற்காலியை விட்டு எழாமல், மெக்கானிக் கெம்பையன் அந்தத் துண்டைப் பிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரிஜினல் அல்லா சார், ஆத்ரே ஒள்ளே மாலு” என்றார் அவர். கன்னடத்தில் சொல்கிறார், கம்பெனிப் பொருள் இல்லையாம், ஆனாலும் நல்ல சரக்காம். அவள் கணவன் சுரேந்தருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்த மாடல் நின்றுபோய் ஆறு வருடம், இங்கே கம்பெனிக் கண்ணாடி கேட்டால் யானை விலை, பாங்காக்கில் அதே அளவில் வேறு யாரோ செய்தது மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது, அங்கேயும் வண்டிகள் நம்மைப் போல இடது ஓரமாகத்தான் போகின்றன, அதனால் அப்படியே பொருந்தும்... எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும், அதுவும் நேற்றுதான்.

போன புதன்கிழமை பால்கனியில் நின்று போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாரே, யாருங்க என்றதற்கு ஆபீஸ் விஷயம் என்றாரே, அப்போது அவர் ஆபீஸ் பிரதிபா, ட்ரெயினிங்குக்குப் போன இடத்தில், ஏதோ கடைத்தெருவில் வெயிலில் நின்று ஒவ்வொரு கண்ணாடியாகப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பொய்யா அது? பிரதிபாவும் ஆபீஸ்தானே... ஒரு வாரம் வெளிநாடு போனவளுக்குக் கோயில் பார்க்க வேண்டாமா, துணி வாங்க வேண்டாமா? தன்னை அவர் குண்டலுபேட்டை வழியாக ஊட்டிக்குக் கூட்டிப்போனதோடு சரி. பஸ் உரசிப் பழைய கண்ணாடி உடைந்து பதினோரு மாதம், அன்றிலிருந்து இடது பக்கம் பார்ப்பது அவள்தான், ஜன்னலில் தலையை நீட்டி, ஸ்கூட்டர் வருது நில்லுங்க, இப்ப போங்க என்று... அவள் சொல்லாமல் அவர் ஒரு திருப்பம் திரும்பியதில்லை. யாரிடமும் சொல்ல வெட்கமான சந்தோஷம் அது. இனி அதுவும் இல்லை, பிரதிபா கொண்டுவந்தது பார்த்துக்கொள்ளும்.

கெம்பையன் கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்போது சுரேந்தரின் போன் அடித்தது. பெயரைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. “உங்கிட்டதான் பேசணுமாம்” என்று நீட்டினார்.

“அக்கா, கரெக்டா உக்காந்துச்சா? ஏழு கடை ஏறினேன் கா. பாவம், உங்களுக்குக் கழுத்து வலி, தலைய நீட்டி நீட்டியே வந்துடுச்சு, திரும்பிப் படுக்கக்கூட முடியலன்னு சார் சொல்லிட்டே இருப்பாரு. அதான் விடக்கூடாதுன்னு...”

“ரொம்ப தேங்க்ஸ் பிரதிபா.” குரல் நன்றாகத்தான் வந்தது.

வலி என்று அவள் அவரிடம் சொன்னதே இல்லையே, தைலத்தைக்கூட அவர் குளிக்கப் போன பிறகுதான் தடவிக்கொள்வாள்... பார்த்திருக்கிறார். பக்கத்தில் படுத்துக்கொண்டு, தூங்காமல் பார்த்திருக்கிறார். நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது, உடனே காந்தியது, பார்த்தவர் ரொம்ப வலிக்குதா என்று தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார், சொல்லிக்கொண்டே இருப்பாராம்... “ஏறு, போலாமா?” என்றார் சுரேந்தர். ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டியை எடுத்தார். தன்னைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியும், தனக்கே தெரியாமல்?